நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்

“உங்க வளையத்தை எடுத்து மேசை மேல வைங்க. நான் பார்க்கணும்.”

கேட்டுவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் அற்புதராஜ் சாரின் டீ கிளாஸ் வாய்க்குப் போகும் பாதி வழியில் நின்றது. என் பக்கத்து நாற்காலியில் இருந்த ராசப்பன் மாமா, பஸ் கவிழப்போகிறது என்று தெரிந்துகொண்ட ஆள் மாதிரி இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

நாமக்கல்லில் வேன் ஏறியதிலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டை வந்து சேரும்வரை அவர் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தது இந்த ஒன்றைத்தான். ஆண்டகளூர் கேட்டில் ஒருமுறை சொன்னார். மல்லூரில் ஒருமுறை சொன்னார். டவுனுக்குள் நுழைந்ததும் வேனை ஓரங்கட்டச் சொல்லி, எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்து, நான் குடித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது முறை சொன்னார்.

“இதபாரு சாமி, என்ன வேண்ணாலும் கேளு. டீ வேணும்னு கேளு. ஃபேன் போடச் சொல்லிக் கேளு. அவிங்க வளையத்தக் காட்டுங்கன்னு மட்டும் கேட்றாத. பொண்ணு பாக்கப் போன எடத்துல பல்லக் காட்டுன்னு கேக்கற மாதிரி அது.”

“பல்லுல சொத்தை இருந்தா?”

“இருந்தாலுந்தான்.”

எந்த வளையம், யாருடைய வளையம் என்று சொல்லிவிடுகிறேன்.

வின்ஃபீல்டு ஸ்டோர்ஸ் என்பது மெட்ராஸிலும் பெங்களூரிலுமாகப் பதினோரு கடை. நம் ஊர்க் கடை மாதிரி இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு நாமே உள்ளே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். பேரம் பேசினால் வாட்ச்மேன் பார்ப்பான். எங்கள் முட்டை உற்பத்தியாளர் சங்கத்துக்குத் தலைவரான மாமா ஒரு தடவை மெட்ராஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “முட்டைய ஆறு ஆறாப் பொட்டியில வெச்சு, மேல கண்ணாடித்தாள் ஒட்டி வெச்சிருக்குது சாமி. இட்ட கோழியே வந்து பாத்தாலும் அடையாளம் தெரியாது” என்றார்.

அதற்கு முன்னால் எங்கள் முட்டையை ஒரு வியாபாரி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்க்க மாட்டார். முட்டையையும் பார்க்க மாட்டார், எங்கள் முகத்தையும் பார்க்க மாட்டார். அவரே ஒரு விலையைச் சொல்லி, அவரே தலையாட்டி, ஏற்றிக்கொண்டு போய்விடுவார். வின்ஃபீல்டு அப்படி இல்லை. அது எல்லாவற்றையும் பார்த்தது. ஒப்பந்தத்தில் முதல் வரியே, ‘தரமான முட்டை எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கொள்ளப்படும்’ என்பதுதான். அந்த ஒரு வரிக்காக, 1984 ஆனி மாதத்தில் ஆறு ஊர் சங்கத்தில் சேர்ந்தது.

தரம் என்றால்? அதற்குத்தான் வளையம். ஒரு சின்ன மணையில் பதித்த பித்தளை வளையம். ஓட்டையின் அகலம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். முட்டையை அதில் விட வேண்டும். நின்றால் வின்ஃபீல்டு முட்டை. விழுந்தால் வெறும் முட்டை. எங்களிடம் ஒரு வளையம், சேலத்தில் அவர்கள் முட்டையை வாங்கி அனுப்பும் டிப்போவில் ஒரு வளையம்.

வளையத்தோடு விட்டார்களா? வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது, இங்கிலீஷில். நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். முட்டை பொறுக்குகிறவர்கள் நகம் வெட்டியிருக்க வேண்டும். கோழிக் கொட்டாய்க்கு ஐம்பது அடிக்குள் ஆடு கட்டக்கூடாது. கொட்டாய்க்குள் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது, கோழி மிரளும். சங்கத்தில் சேர்ந்திருந்த பண்ணைக்காரர் சடையன் இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். “என்ற சம்சாரம் மெதுவாப் பேசி நான் கேட்டது இப்பத்தான் அம்மிணி. அந்தக் கடைக்காரன் புள்ளகுட்டியோட நல்லா இருக்கோணும்.”

பண்ணைக்குள் கால் வைக்கும் எவரும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைத்துவிட்டு வர வேண்டும் என்பது இன்னொரு விதி. சடையன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் வேறு வழி இல்லை, வீடே பண்ணைக்குள்தான். மாப்பிள்ளையின் அப்பா அதை என்னவோ பெரிய மரியாதை என்று நினைத்து, வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி நின்று, யாராவது வந்து பாதத்தைக் கழுவுவார்கள் என்று காத்திருந்தார். சம்பந்தம் முடிந்தது. கால் மட்டும் ஒரு வாரத்துக்குத் தோல் உரிந்தது என்று கேள்வி.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் படித்துச் சொன்னேன். பதினோராவது நிபந்தனை வரும்வரை. ‘விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் முட்டைகளைத் தரம் பிரித்துக் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து வேண்டும்.’

ஆறு ஊரிலும் தேடினார்கள். ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. நான் ஒருத்திதான். வசந்தாமணி, பி.எஸ்ஸி., விலங்கியல். தவளையையும் எலியையும் கரப்பானையும் அறுத்துப் படம் வரைந்து வாங்கிய பட்டம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எவரும் பத்தாம் வகுப்பின் வாசலைப் பார்த்ததில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, முட்டையை ஓட்டையில் விட்டு வேடிக்கை பார்ப்பது. சரி என்றேன். படித்த படிப்பு ஊருக்கு ஏதோ விதத்தில் வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதை மறைக்கவில்லை.

வாரத்துக்கு இரண்டு நடை வேன் போகும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு சீட்டு திரும்பி வரும்.

‘தள்ளுபடி: 260 முட்டைகள். காரணம்: அளவு குறைவு. தரம் பிரித்தவர்: செல்வி வசந்தாமணி, பி.எஸ்ஸி. குறிப்பு: கவனக்குறைவு.’

தள்ளிய முட்டை திரும்பி வராது, அதற்குக் காசும் வராது. சீட்டுதான் வரும். அதைச் சங்கக் கட்டடத்தின் வெளிப்பலகையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. மாமாவுக்கு விதி என்றால் விதி. நாலு மூலைக்கும் நாலு ஆணி குத்துவார்.

ஊரே நின்று படித்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்குக்கூட ‘கவனக்குறைவு’ மட்டும் தங்குதடை இல்லாமல் வந்தது. இரண்டு மாதம், மூன்று மாதம். டீக்கடையில் ஒருவர், “அம்மிணி, டிகிரி குடுக்கறப்ப அவிங்க வளையம் வெச்சுப் பாக்கலியா?” என்று கேட்டார். நான் அவர் பெஞ்சை உதைத்தேன். அது வேறு கதை.

உதைக்க முடியாத ஒன்றை எங்கள் தெரு முத்தாயம்மாள் சொன்னாள். அவள் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், என்னைவிடக் கெட்டிக்காரி. அவளைச் சேலத்தில் காலேஜில் சேர்ப்பது என்று சித்திரையிலேயே பேசி முடித்திருந்தார்கள். ஐப்பசியில் முத்தாயம்மாள் என் அம்மாவிடம் வந்து, “புள்ளைக்குக் கல்யாணத்துக்கு ஏற்பாடு பண்றமுங்க. படிச்சு என்னத்தப் பண்றது? உங்க வசந்தாமணி படிச்சுட்டு வந்து முட்டை பாக்கத் தெரியாம நிக்கறாளே, போர்டுலயே போட்டிருக்குது” என்றாளாம்.

அன்றைக்கு முடிவு செய்தேன், அந்த டிப்போ வளையத்தைப் பார்க்காமல் விடுவதில்லை என்று. நான் ஒவ்வொரு முட்டையையும் என் கையால் விட்டுப் பார்க்கிறேன். எல்லாம் நிற்கிறது. சேலம் போனால் விழுகிறது. ஐம்பது கிலோமீட்டரில் முட்டை இளைத்துப் போகுமா? அவர்கள் வளையம் பெரியதாக இருக்க வேண்டும். வேறு என்ன?

அதனால்தான் அந்தக் கார்த்திகை மாதக் காலையில், மாமாவின் மூன்று எச்சரிக்கைக்குப் பிறகும், கேட்டேன்.

அற்புதராஜ் சார் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். சேலத்துக்காரர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். டிப்போவுக்கு மேனேஜர்.

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க, மிஸ் வசந்தாமணி.”

“அதனாலதான் சார் நான் கேக்கறேன்.”

“சின்னப் புள்ளைங்க. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் மாமா.

“இசபெல்லா, பீரோ சாவி கொடும்மா” என்றார் அற்புதராஜ் சார்.

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து இரும்பு பீரோவைத் திறந்தாள். உள்ளே, நீல வெல்வெட் துணியில் சுற்றி, நகை மாதிரி வைத்திருந்தார்கள். நான் துணிப்பையில் கொண்டுபோன எங்கள் மணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தட்டிலிருந்து எங்கள் முட்டை ஒன்றை எடுத்து அவர்கள் வளையத்தில் விட்டேன்.

விழுந்தது. மாமா கையில் பிடித்துக்கொண்டார்.

அதே முட்டையை எங்கள் வளையத்தில் விட்டேன். அப்படியே சப்பணம் போட்டு உட்கார்ந்தது.

“பாத்தீங்களா மாமா! இவங்க வளையம் பெரிசு!”

அதற்குப் பிறகு நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவள். உழைப்பவன், சுரண்டல், பதினோரு கடை, ஆறு ஊர், பெண்ணுக்குப் படிப்பு, எல்லாம் வந்தது. மேசையைக் குத்தினேன். மண்டிச் சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஜன்னல் பக்கம் கூடிவிட்டார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.  அதற்குள் இசபெல்லா எங்கள் மணையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, வளையத்தின் உட்புறம் லேசாகச் சுரண்டினாள்.

“என்னங்க இது, மஞ்சளா உதிருது?”

வாசனை வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சந்தனம்.

பிறகு சுரண்டச் சுரண்ட அடுக்கடுக்காக வந்தது. சந்தனம், குங்குமம், மறுபடி சந்தனம். ஆனியில் தொடங்கி ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் யாரோ வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு வைத்தது மட்டும் தனியாக, கெட்டியாக, ஒரு பக்கோடா மாதிரி பெயர்ந்து வந்தது. முழுதும் எடுத்த பிறகு இரண்டு வளையத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். மயிரிழை வித்தியாசம் இல்லை. முட்டை இரண்டிலும் விழுந்தது.

ஜன்னலில் இருந்தவர்கள் சுமை தூக்கப் போய்விட்டார்கள்.

“பரவாயில்லைங்க” என்றார் அற்புதராஜ் சார். “பக்திதானே.” பிறகு ஆறிப்போன டீயைக் குடித்தார்.

வளையம் இருப்பது மாமா வீட்டு பூஜை அலமாரியில். எனவே குற்றவாளி யார் என்று தேட வேண்டியதில்லை. பொன்னாத்தாள் அத்தை, மாமாவின் சம்சாரம். அன்று சாயங்காலமே போய்ப் பிடித்தேன்.

“ஊருக்கே சோறு போடற சாமான். அதுக்கு ஒரு பொட்டு வெக்கறது தப்பா?” என்றாள்.

“வைங்க அத்தை. மணைக்கு வைங்க. ஓட்டைக்குள்ள எதுக்கு வெச்சீங்க?”

“சாமிக்கு நெத்தியில வெக்கறோம். இதுக்கு நெத்தி எங்கடி இருக்குது? எல்லாம் ஓட்டையாத்தான இருக்குது!”

மணையை வாங்கிக்கொண்டு வந்தேன். புளி போட்டு நானே துலக்கினேன். இனிமேல் யாரும் அதைத் தொடக்கூடாது என்று என் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

தப்பு எங்களுடையது என்றால் திருத்திவிடலாம். அப்படித்தான் நினைத்தேன். சுத்தமான வளையத்தில் ஒவ்வொன்றாக விட்டேன். விழுந்ததையெல்லாம் கூடையில் ஒதுக்கினேன். பெண்கள் என்னைத் திட்டினார்கள்; அந்த வாரம் ஆறு ஊரிலும் காலை, மதியம், ராத்திரி முட்டைக் குழம்பு. சேலம் போன தட்டுகளில் இருந்தது ஒவ்வொன்றும் நின்ற முட்டை. நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

சீட்டு வந்தது. தள்ளுபடி: 260. கவனக்குறைவு.

அடுத்த நடையும் அதே. அதற்கு அடுத்ததும் அதே. ஒரு முட்டை கூடவில்லை, ஒரு முட்டை குறையவில்லை.

“சந்தனம் வெச்சப்பவும் எரநூத்தி அறுவது. வெக்காதப்பவும் எரநூத்தி அறுவது” என்றாள் அத்தை. “அப்பச் சந்தனமாவது வெச்சிருக்கலாமில்ல?”

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு விஞ்ஞானப் பட்டதாரிக்கு அங்கேதான் பொறி தட்டியிருக்க வேண்டும். வெட்கம், எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தட்டியது. போய்ப் பலகையில் இருந்த சீட்டுகளை எல்லாம் பிடுங்கி, தேதிவாரியாக எங்கள் கொட்டாய் வாசலில் பரப்பி, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு முட்டையை வைத்தேன்.

ஆவணிவரை தள்ளுபடி கொஞ்சம்தான். புரட்டாசி முதல் தேதி திடீரென்று ஏறுகிறது. சனிக்கிழமை விற்பனைக்குப் போகும் வெள்ளிக்கிழமை நடையில் இன்னும் ஏறுகிறது. ஐப்பசியில் இறங்குகிறது. கார்த்திகை பிறந்து மெட்ராஸ்காரர்கள் மாலை போட்டதும் மறுபடி ஏறுகிறது. அதாவது, புரட்டாசி பிறந்தால் எங்கள் கோழிகள் பயபக்தியோடு சின்ன முட்டையாக இடுகின்றன. ஐயப்பன் மாலையைப் பார்த்தால் மறுபடி சின்னதாக இடுகின்றன.

நான் படித்த விலங்கியலில் இது இல்லை. கோழிக்குப் பஞ்சாங்கம் தெரியாது. தெரிந்தவர் யாரோ சேலத்தில் இருந்தார்.

கிறிஸ்மஸ் வந்தது. பட்டணத்தில் வீட்டுக்கு வீடு கேக். நான் ஒரு காரியம் செய்தேன். மாமாவிடம் சொல்லவில்லை. அப்போதுதான் முட்டையிடத் தொடங்கியிருந்த வெடக்கோழிகள் அவர் பண்ணையில் இருந்தன. அவற்றின் முட்டை எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் அண்ணன், அவ்வளவுதான். வளையத்தில் விட்டால் தொடாமலே விழும். அதை எடுத்து நாலு தட்டுக்கு ஒரு தட்டு வீதம் வைத்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.  

சீட்டு வந்தது.

‘தள்ளுபடி: இல்லை. தரம் பிரித்தவர்: செல்வி வசந்தாமணி, பி.எஸ்ஸி. குறிப்பு: பாராட்டத்தக்க கவனம்.’

மாமா அதற்கு எட்டு ஆணி குத்தினார். சீட்டைச் சுற்றி மாவிலைகூட இருந்தது. ஊர் கூடியது. நான் உண்மையைச் சொன்னேன். சின்ன முட்டையாகப் பொறுக்கி அனுப்பினேன், ஒன்றைக்கூட அவர்கள் தள்ளவில்லை, அவர்கள் வளையத்தைப் பார்ப்பதே இல்லை, பஞ்சாங்கத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று விளக்கமாகச் சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். அப்புறம் பொன்னாத்தாள் அத்தை தொண்டையைச் செருமினாள்.

“போன வெள்ளிக்கெழம நீ குளிக்கப் போனப்ப சாவிய எடுத்து உன்ற பொட்டியத் தொறந்து, துளியூண்டு வெச்சேன்.”

“அத்தை!”

“ஓட்டைக்குள்ள வெக்கலடி. ஓரமாத்தான்.”

கூட்டம் முழுக்க “ஆ...” என்றது. சடையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீ செறுசா அனுப்புன முட்ட சேலம் போய்ப் பெருசாச் சேந்திருக்குது அம்மிணி. அது சந்தனம் இல்லாம வேற என்னங்கற?”

மறுநாள் அத்தையை மோகனூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் பால் சொசைட்டிக்கு அழைத்துப்போனார்கள், அங்கே பாலைச் சோதிக்கும் கண்ணாடிக் குழாய்க்குச் சந்தனம் வைக்க.

முத்தாயம்மாள் வந்து, “தேவலையே, இப்ப முட்டை பாக்கக் கத்துக்கிட்டாளாட்ட இருக்குது” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். எரிச்சல் அடங்கவில்லை எனக்கு. நான் ஒழுங்காகப் பார்த்தபோது கவனக்குறைவு. வேண்டுமென்றே கெடுத்தபோது பாராட்டு. அடுத்த வாரம் மறுபடி கவனக்குறைவு வரும், அந்தப் பெண்ணின் காலேஜ் மறுபடி ஊசலாடும். யாரோ ஒருவர் மெட்ராஸில் ஆம்லெட் சாப்பிடுவதைப் பொறுத்து.

தை மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டார். வேனில் வந்தால் சட்டை அழுக்காகும் என்று பஸ்ஸில் போனோம். முட்டை வேன் எங்களுக்கு முன்னாலேயே கிளம்பி, ராசிபுரத்துக்கு முன்னால் பஞ்சராகி நின்றிருந்தது. எங்கள் பஸ் அதைத் தாண்டித்தான் வந்தது. மாமா ஜன்னல் வழியாகக் கையசைத்து, “டயரக் கழட்டறாங்க, பொழுதோட வந்துருவாங்க” என்றார்.

டிப்போவில் அற்புதராஜ் சார் இன்னும் வரவில்லை. இசபெல்லா எங்களைப் பார்த்ததும் சிரித்து, நாற்காலி போட்டு, டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

“உங்க சீட்டுங்க. டைப் பண்ணிட்டேன். நீங்களே வந்துட்டீங்க, கையோட எடுத்துக்குங்க.”

தள்ளுபடி: 310. கவனக்குறைவு.

நான் அதைப் படித்தேன். பிறகு மாமாவிடம் கொடுத்தேன். அவரும் படித்தார். வெளியே போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“வண்டி இன்னம் வல்லியே, சாமி.”

“ஆமாங்க மாமா. ராசிபுரமே தாண்டல.”

“அப்ப எந்த முட்டையத் தள்ளுனாங்க?”

ஆறு ஊரிலும் ஒருவரும் கேட்காத கேள்வி. அதைக் கேட்டது மாமா என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

இசபெல்லா எங்கள் இருவரையும் பார்த்தாள். தான் ஏதோ ரகசியத்தை உடைத்துவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. “காலைல ஏழு மணிக்கு மெட்ராஸ்ல இருந்து ட்ரங்க் கால் வருங்க. இன்னிக்கு எவ்வளவு வேணும்னு சொல்லுவாங்க. நீங்க அனுப்பறது எப்பவும் ஒரே அளவுதானே? கழிச்சுட்டு மிச்சத்தைத் தள்ளுபடின்னு நான் அடிச்சுருவேன். வண்டி வந்த பிறகு அடிச்சா மதியச் சாப்பாட்டுக்கு லேட்டாகுதுங்க.”

அற்புதராஜ் சார் உள்ளே வந்தார். மேசை மேல் இருந்த சீட்டைப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், பொய் சொல்ல முயலவில்லை.

“தரமான முட்டை எவ்வளவு வந்தாலும் எடுத்துக்குவோம்னு எழுதிக் கொடுத்திருக்கோம். அந்த எழுத்தை மீற முடியாதுல்லைங்களா? அப்ப, எங்களுக்கு வேண்டாத முட்டைக்குத் தரம் இருக்கக் கூடாது.”

“அந்த முட்டையெல்லாம் எங்க போகுது?”

“எங்க பேக்கரிக்குத்தான். கேக்குக்கு உடைச்சு ஊத்தற முட்டைக்கு வளையமெல்லாம் பாக்கறதில்லைங்க.”

“வளையம் எதுக்கு சார் வெச்சிருக்கீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அது இருந்தாத்தான் நீங்க முட்டையைப் பாப்பீங்க. இல்லைன்னா எங்களைப் பாப்பீங்க.”

மாமா அதைக் கேட்டுத் தலையாட்டினார். அவருக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும்.

ஒப்பந்தத் தாளை எடுத்துப் பரப்பினார்கள். சங்கத் தலைவர் கையெழுத்து ஒரு பக்கம், பட்டதாரி கையெழுத்து இன்னொரு பக்கம். மாமா பேனாவைத் திறந்தார். நான் என் பக்கத்தை எடுத்துப் படித்துவிட்டுச் சொன்னேன்:

“நாளைக்கு எவ்வளவு வேணும்னு முந்தின நாளே நாமக்கல்லுக்கு ஒரு போன் பண்ணுங்க. அவ்வளவே ஏத்தி விடறோம். மிச்சம் ஆனா, சீட்டுல ‘கவனக்குறைவு’ன்னு அடிக்காதீங்க. ‘தேவையில்லை’ன்னு அடிங்க. ஒரு வார்த்தைதான்.”

“மிஸ் வசந்தாமணி, அந்த ஒரு வார்த்தையைத்தான் மெட்ராஸ் ஒத்துக்காது. ‘தேவையில்லை’ன்னா கணக்குப் போட்டது எங்க தப்பு. ‘கவனக்குறைவு’ன்னா உங்க தப்பு. பதினோரு கடை வெச்சிருக்கறவங்க தப்புப் பண்ணலாமா, சொல்லுங்க?”

“நான் பண்ணலாமா?”

“உங்களுக்கு எத்தனை கடைங்க?” என்றார். கிண்டல் இல்லை; நிஜமாகவே வருத்தத்தோடு கேட்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நான் ஒண்ணு சொல்றேன். நீங்க கெட்டிக்காரப் பொண்ணு. இங்கயே வந்துருங்க. குவாலிட்டி ஆபீசர். தனி மேசை, ஃபேன். உங்க பேர் எந்தச் சீட்டுலயும் வராது. கீழ கையெழுத்து மட்டும் போடணும். நாற்பது ஊர் உங்க கையில.”

“நாற்பது ஊர்லயும் யாரோ ஒரு புள்ளையோட பேருக்கு எதிர்ல நான் கவனக்குறைவுன்னு எழுதணும்.”

“எழுத வேண்டாங்க. இசபெல்லா டைப் பண்ணிருவாங்க.”

மாமா என் கையைப் பிடித்தார். மிரட்டவில்லை, கெஞ்சினார். “கையெழுத்துப் போடு கண்ணு. பழைய ஏவாரிகிட்டத் திரும்பிப் போக வெச்சுறாத. அவன் நம்ம மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டான். இவிங்க நம்ம நகத்தையாவது பாக்கறாங்க. ஒரு வார்த்தை, போனாப் போகுது. அந்தச் சீட்ட நான் போர்டுல ஒட்டலை, உன்ற மேல சத்தியம். பீரோக்குள்ள வெச்சுக்கறேன்.”

அவர் விதியை மீறுவதாகச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது. ஆனால் இதில் யோசிக்க ஒன்றும் பாக்கி இல்லை. வராத முட்டைக்கு டைப் அடித்து வைத்திருந்த என் பெயரைப் பார்த்தபோதே முடிவாகிவிட்டது. அதற்கு மேல் நான் பேசியதெல்லாம் அவருக்காகத்தான்.

“நீங்க தலைவருங்க மாமா. உங்க கையெழுத்த நீங்க போடுங்க, நான் வேண்டாங்கல. என்ற பேரு மட்டும் இதுல இருக்காது. அவங்களுக்கு என் பேரு வேணும்னா அந்த ஒரு வார்த்தைய மாத்தட்டும். அதுவரைக்கும் இந்தத் தாளு பாதித் தாளுதான்.”

என் பேனாவைத் திறக்காமலே மேசையில் வைத்தேன்.

அற்புதராஜ் சார் நெற்றியைத் தேய்த்தார். “இசபெல்லா, நீ டிகிரி முடிச்சியாம்மா?”

“பி.ஏ. சார். ரெண்டு பேப்பர் அரியர் இருக்கு.”

“விஞ்ஞானமா?”

“ஹிஸ்டரி சார்.”

அவர் பெருமூச்சு விட்டு போனை எடுத்து, மெட்ராஸுக்கு ஒரு ட்ரங்க் கால் பதிவு செய்யச் சொன்னார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். இரண்டு மணி நேரம் என்றது எக்ஸ்சேஞ்சு. “உக்காருங்க, இருந்து பேசிட்டுப் போலாம்” என்றார் என்னிடம்.

“என் பேச்சு முடிஞ்சதுங்க சார். நீங்க அவங்ககிட்டப் பேசுங்க.”

“நில்லு சாமி! தனியா எப்படிப் போவ?” என்று மாமா பின்னால் எழுந்தார், வெள்ளைச் சட்டை நாற்காலிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது, அவிழ்க்க இசபெல்லா ஓடினாள்.

நான் படியிறங்கிவிட்டேன். செவ்வாய்ப்பேட்டை வழக்கம்போல் அடைத்துக்கொண்டு நின்றது. பருப்பு மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று தெருவை மறித்திருந்தது. வண்டிக்காரர், “சுத்திப் போம்மா” என்றார். நான் சுற்றவில்லை. மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து அந்தப் பக்கம் போனேன்.